திரும்பி வராத பிள்ளைகள்

இருபது வருஷங்களுக்கு முன்னால் நான் எழுதிய ஒரு சிறுகதையைப் பற்றி இப்போது குறை சொல்லப் போகிறேன். தன் கதையைத் தானே குறை சொல்லிக்கொள்ளுகிறவனை வாசகர்கள் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். புகழுக்கு இது ஒரு குறுக்கு வழி என்று நினைப்பார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானதே. ஆனால் நான் பேச வந்தது வேறொரு புஸ்தகத்தைப் பற்றி. அந்தப் புஸ்தகம் எனக்கு எதைக் கற்றுக்கொடுத்தது என்று சொல்லவேண்டுமானால், என் கதையிலிருந்துதான் தொடங்கியாக வேண்டும்.

பாகூர் ஏரிக்கரையை ஒட்டிய சேரி ஒன்றில் ஒரு கிழவி. கிறிஸ்தவள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் பிழைக்கிறவள். ஒரே மகன் பம்பாய்க்கு வேலை தேடிப் போனான். போனவனிடமிருந்து தகவல் இல்லை. கிழவி வருஷா வருஷம் ஈஸ்டர் கழிந்து வில்லியனூர் மாதா கோவில் திருவிழாவுக்கு நடந்தே போவாள். குறுக்கு வழியாகப் போனாலும் நாலு மணி நேரத்துக்குக் குறையாத நடை. மெழுகுவத்தி ஒன்று, ஒரு தூக்கில் கூழ், இடுப்பில் முடிந்த சில்லறை, இவ்வளவுதான் அவள் கொண்டு போவது. எட்டாவது வருஷம், தேர் வரும் நேரத்தில், கூட்டத்துக்குள்ளிருந்து “அம்மா!” என்று ஒரு குரல் கேட்கிறது. கதை அங்கே முடிந்தது.

ஒரு தீபாவளி மலரில் வந்த அந்தக் கதைக்கு நிறையக் கடிதங்கள் வந்தன. படித்து அழுததாக ஒரு அம்மாள் எழுதியிருந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்லூரிப் படிப்பை இரண்டு வருஷத்தோடு நிறுத்திவிட்டு எழுத்தை நம்பிப் புறப்பட்டவன் நான். வாசகர் அழுதார் என்றால் அதைவிடப் பெரிய பட்டம் எனக்கு வேறு கிடையாது.

அந்தக் கிழவி கற்பனை அல்ல. அதே சேரியில் பிறந்து வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர்தான் அவளை எனக்குக் காட்டியவர். மலரை எடுத்துக்கொண்டு பெருமையோடு அவர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு, “கதை நல்லாத்தான் இருக்குது தம்பி. ஆனா அவன் வரலையே! நீங்க எதுக்கு இட்டாந்தீங்க?” என்று கேட்டார்.

கலை வேறு, போட்டோப் பிடிப்பது வேறு என்று நான் ஏதோ பிரசங்கம் செய்தேன். அவர் மறுத்துப் பேசவில்லை. காப்பி கொடுத்து அனுப்பினார். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு வந்துவிட்டது.

அவனை நான் எதற்காகக் கூட்டிக்கொண்டு வந்தேன்? பழக்கத்தினால்தான். நம்முடைய காது அப்படிப் பழகியிருக்கிறது. அரிச்சந்திரன் நாட்டை இழக்கிறான், மனைவியை விற்கிறான், பாம்பு கடித்த பிள்ளையைச் சுடுகாட்டில் காண்கிறான். கடைசியில் எல்லாம் திரும்பி வருகிறது. சிறுத்தொண்டர் பிள்ளையை அறுத்துக் கறி சமைக்கிறார். கூப்பிட்டவுடன் சீராளன் ஓடி வருகிறான். யோபுவின் கதையும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். ஆடுமாடுகளும் பத்துப் பிள்ளைகளும் ஒரே நாளில் போன அந்த மனுஷன், கடவுளிடமே வாதாடி, கடைசியில் இழந்ததற்கு இரட்டிப்பாகச் செல்வம் பெறுகிறான். மறுபடியும் பத்துப் பிள்ளைகள் பிறக்கின்றன. ஆனால் பின்னால் பிறந்தவர்கள் முன்னால் செத்தவர்கள் அல்ல. அந்த வீட்டில் யோபுவின் பெண்டாட்டி எந்தப் பிள்ளையை எந்தப் பெயர் சொல்லித் தவறுதலாகக் கூப்பிட்டிருப்பாள் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். புஸ்தகம் அதைச் சொல்லவில்லை. நடுவில் உள்ள நாற்பது அத்தியாயங்களில் மனிதனின் முறையீடு எவ்வளவு உண்மையாக ஒலிக்கிறதோ, முடிவில் உள்ள அந்தக் கணக்குத் தீர்ப்பு அவ்வளவு அவசரமாக ஒலிக்கிறது.

பெரியவர்களின் புராணங்களை விட்டுவிடலாம். அவற்றுக்கு வேறு நோக்கங்கள் உண்டு. நம் காலத்தில் பக்தியைப் பற்றி எழுதப்படும் கதைகளும், சபைகளில் சொல்லப்படும் சாட்சிகளும் இந்த ஒரே அச்சில்தான் வார்க்கப்படுகின்றன. வியாதி வந்தது, ஜெபித்தேன், தீர்ந்தது. கடன் வந்தது, விசுவாசத்தில் நிலைத்தேன், அடைந்தது. சொல்லுகிறவர்கள் பொய் சொல்லுகிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பலன் வந்த பிறகு சொல்லப்படுவது விசுவாசத்தின் கதையாகாது. அது பலனின் கதை. கிழவி எட்டு வருஷம் நடந்தாள் என்பதில்தான் விஷயம் இருந்தது. மகனைக் கொண்டுவந்து நிறுத்தியதும், அந்த எட்டு வருஷமும் அவனுக்காகக் காத்திருந்த வெறும் நேரமாகிப் போயின. அவளிடமிருந்து நான் திருடியது அதைத்தான்.

இதை எனக்கு விளக்கிய புஸ்தகம் கிறிஸ்தவ நூல் அல்ல என்பது ஒரு வேடிக்கை. அது ஆனந்தரங்கம் பிள்ளையின் தினசரி.

ஆனந்தரங்கம் பிள்ளை 1709ல் பிறந்து 1761ல் புதுச்சேரியில் காலமானவர்; வைஷ்ணவர்; வியாபாரி; டூப்ளே கவர்னராக இருந்த காலத்தில் துபாஷ் உத்தியோகம் பார்த்தவர். 1736 செப்டம்பரில் எழுத ஆரம்பித்து, சாகும் தறுவாய் வரையில் எழுதிவந்தார். நோட்டுகள் 1846ல் கண்டெடுக்கப்பட்டன. மதராஸில் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு பாகங்களாக இங்கிலீஷில் வந்த பிறகு, 1948லிருந்துதான் தமிழிலேயே அச்சாகத் தொடங்கின. தமிழில் எழுதிய புஸ்தகத்தைத் தமிழர்கள் கடைசியாகப் படித்தார்கள்.

சரித்திரக்காரர்கள் இதில் யுத்தத்தையும் ராஜதந்திரத்தையும் தேடுகிறார்கள். நான் கதாசிரியன், எனக்கு வேண்டியது மனுஷர்கள். நாள், கிழமை, நாழிகை குறித்து, கப்பல் வந்ததையும் துணி விலையையும் எழுதுகிற அதே பேச்சுத் தமிழில், ஒருவர் வீட்டுச் சாவையும் இன்னொருவர் வீட்டு விருந்தையும் பிள்ளை எழுதிக்கொண்டே போகிறார். அந்தப் பக்கங்களில் கிறிஸ்தவர்கள் அடிக்கடி வருகிறார்கள். அவர்களைப் பற்றி எழுதும்போது அவர் கை எவ்வளவு நிதானமாக இருக்கிறது என்பதை மெச்சவேண்டுமானால், அவர் குடும்பத்துக் காயம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் தகப்பனார் திருவேங்கடம் பிள்ளையின் மைத்துனர் நைனியப்ப பிள்ளை, புதுச்சேரியில் தலைமைத் துபாஷாக இருந்தவர். அந்த உத்தியோகத்தில் ஒரு கிறிஸ்தவன்தான் இருக்கவேண்டும் என்று சேசு சபைப் பாதிரிமார்கள் பிடிவாதமாக நின்றார்கள். நைனியப்ப பிள்ளை மதம் மாறவில்லை. 1716ல் சிறையில் அடைக்கப்பட்டு, அடிபட்டு, அடுத்த வருஷம் சிறையிலேயே இறந்துபோனார். அவர் மகன் குருவப்ப பிள்ளை பிரான்சுக்குப் போய் நியாயம் கேட்டார். அங்கே ஞானஸ்நானம் பெற்றார். பட்டத்தோடு திரும்பி வந்து அதே உத்தியோகத்தில் உட்கார்ந்து, 1724ல் காலமானார். அதன் பிறகு அந்த இடம் பேத்ரோ கனகராய முதலியார் என்ற கிறிஸ்தவருக்குப் போயிற்று.

விசுவாசத்தில் நிலைத்து நிற்பது என்றால் என்ன விலை என்று ஆனந்தரங்கருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அவர் வீட்டில் ஒருவர் மாறாமல் செத்தார். ஒருவர் மாறிப் பிழைத்தார். கிறிஸ்தவர்களின் பொறுமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் நைனியப்ப பிள்ளையையும் கூடவே நினைத்துக்கொள்வது நல்லது. கஷ்டத்தில் தன் சாமியைக் கைவிடாத குணம் எந்த மதத்துக்கும் தனிச் சொத்து அல்ல. சில சமயம் ஒரு மதத்தின் அதிகாரமே இன்னொருவனுடைய கஷ்டமாக வந்து நிற்கிறது.

இப்போது கனகராய முதலியாருக்கு வருவோம். 1739ல் அவருடைய ஒரே மகன் வேலவேந்திர முதலி வாலிப வயசில் இறந்துபோனான். தினசரி அதை எழுதுகிறது. குடும்பப் போட்டியாளர் வீட்டுச் சாவு; ஆனாலும் அந்தப் பக்கத்தில் பகை இல்லை. ஊரே துக்கப்பட்டது தெரிகிறது. ஆறு வருஷம் போகிறது. 1745ல் அந்தத் தகப்பன் அரியாங்குப்பத்தில் ஒரு மாதா கோவில் கட்டி முடித்து, ஊரைக் கூட்டி விருந்து வைக்கிறார். பிராமணர் முதற்கொண்டு எல்லா ஜாதியாருக்கும் அவரவர் ஆசாரம் கெடாமல் தனித்தனிச் சமையல். வெள்ளைக்காரர்களுக்கு மேஜை போட்டுச் சாப்பாடு. டூப்ளேயும் அவர் மனைவியும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஆனந்தரங்கரும் எல்லாவற்றையும் பார்த்து எழுதிவைத்தார். குறை சொல்லவும் அவர் தவறவில்லை.

இந்த இரண்டு குறிப்புகளுக்கும் நடுவில் எத்தனையோ பக்கங்கள் இருக்கின்றன. சாவையும் கோவிலையும் ஆனந்தரங்கர் முடிச்சுப் போடவில்லை. “மகன் போன துக்கத்தை இப்படி ஆற்றிக்கொண்டார்” என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தால் நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்போம். அவர் எழுதவில்லை. வெயிலில் சுண்ணாம்பு காய்ச்சுகிறதையும், பந்தல் போடுகிறதையும், இலை போடுகிறதையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டு நிற்கிற ஒரு பெரிய மனுஷர்தான் நம் கண்ணில் தெரிகிறார். அவருக்குப் பக்கத்தில் நிற்கவேண்டிய பிள்ளை இல்லை. அதை வாசகன் தானாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதோடு நின்றிருந்தால் கனகராய முதலியார் ஒரு பக்திக் கதைக்கு லட்சணமான கதாநாயகர். தினசரி அவரை அப்படி விட்டுவைக்கவில்லை. அதே 1745ல், அக்டோபர் மாதம், சம்பா கோவிலில் நடந்த கலகத்தைப் பிள்ளை எழுதுகிறார். சம்பா கோவில் என்று ஜனங்கள் சொன்னது சேசு சபையாரின் கோவிலை. இன்று மிஷன் வீதியில் நிற்கும் பெரிய கோவில் அதே இடத்தில் பின்னால் 1791ல் கட்டி முடிந்தது.

கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. வடபுறத்தில், சேரிக் கிறிஸ்தவர்களைச் சாதிக் கிறிஸ்தவர்களிடமிருந்து பிரிக்கிற சுவர். காரைக்காலிலிருந்து ஒரு சாமியார் வந்திருந்தார். சேரி ஜனங்கள் பெரிய சாமியாரிடம் போய் முறையிட்டார்கள். நாங்களும் உங்களுக்குச் சீஷர்கள்தான். கடவுள் வித்தியாசம் பாராட்டவில்லையே, நீங்கள் மட்டும் ஏன் பாராட்டுகிறீர்கள் என்பது அவர்கள் கேள்வியின் சாரம். சாமியாருக்கு அது நியாயமாகப் பட்டது. சுவர் இடிக்கப்பட்டது. அடுத்தாற்போல, கனகராய முதலியாரின் உறவுப் பெண் ஒருத்தி மெல்லிய சல்லாவும் நகைகளும் வாசனையுமாகப் பூசைக்கு வந்து, சாமியாரிடம் வசவு வாங்கிக்கொண்டாள். சுவர் போன ஆத்திரமும் பெண்ணுக்கு நேர்ந்த அவமானமும் சேர்ந்துகொண்டன. சாதிக் கிறிஸ்தவர்கள் சாமியாரோடு வாக்குவாதத்துக்குப் போனார்கள். இனிக் கோவிலுக்கு வரமாட்டோம் என்றார்கள். விஷயம் கவர்னர் வரைக்கும் போயிற்று.

சுவர் வேண்டுமென்ற அந்தப் பக்கத்தின் பெரிய தலை கனகராய முதலியார்தான். மகனைப் பறிகொடுத்தும் மாதாவுக்குக் கோவில் கட்டிய அதே கனகராய முதலியார். ஒரு நாவலாசிரியனாக எனக்கு வெட்கமாக இருந்தது. நான் கனகராய முதலியாரை எழுதியிருந்தால் இரண்டில் ஒன்றைத்தான் எழுதியிருப்பேன். பக்திமான் என்றால் சுவரை மறைத்திருப்பேன். சாதி வெறியன் என்றால் செத்த பிள்ளையை மறைத்திருப்பேன். தினசரி எழுதுகிறவனுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. நடந்தது நடந்தபடி வந்து அவன் நோட்டில் உட்கார்ந்துவிடுகிறது. அடுத்த வருஷம் பிப்ரவரியில் முதலியார் இறந்தார். வாரிசு இல்லாத சொத்துக்காக அவர் தம்பிக்கும் மனைவிக்கும் வழக்கு மூண்டது. யோபுவுக்குக் கிடைத்த முடிவு அவருக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் இந்தக் குறிப்பில் என்னைப் பிடித்து நிறுத்தியது முதலியார் அல்ல. சுவர் இடிவதற்கு முன்னால் அந்த வடபுறத்தில் முழங்கால் போட்டுக்கொண்டிருந்த ஜனங்கள். கோவிலில் எங்களுக்கு இடம் சரியில்லை என்று அவர்கள் போய்விடவில்லை. போய்விடுவதாகச் சொன்னவர்கள் இடம் சரியாக இருந்தவர்கள். சேரி ஜனங்கள் சுவருக்கு வடக்கே உட்கார்ந்து பூசை கண்டார்கள். கண்டுகொண்டே இது நியாயமில்லை என்றும் நினைத்தார்கள். சமயம் வந்தபோது வாய்விட்டுக் கேட்டார்கள். நிலைத்திருப்பது என்றால் வாயை மூடிக்கொண்டு பொறுத்திருப்பது என்று நாம் அர்த்தம் பண்ணிக்கொண்டிருக்கிறோம். அந்த ஜனங்கள் நிலைத்தும் இருந்தார்கள், கேட்டும் இருந்தார்கள். யோபுவின் குரல் அந்தக் கோவிலில் அவர்களிடம்தான் இருந்தது.

ஆனந்தரங்கரிடம் எனக்குக் குறை இல்லாமல் இல்லை. நகை போட்டுக்கொண்டு வந்த பெண்ணை அவர் கண்ணால் நாம் நன்றாகப் பார்க்கிறோம். சேரி ஜனங்களோ ஒரு கூட்டமாகத்தான் வருகிறார்கள். ஒரு பெயர், ஒரு முகம், ஒரு கிழவியின் இருமல் நமக்குக் கிடைப்பதில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து அவ்வளவுதான் தெரிந்தது. கிறிஸ்தவனின் உள்ளத்துக்குள் அவர் நுழையவும் இல்லை. ஜெபம் அவருக்குச் சத்தமாகக் கேட்டதே தவிர, அர்த்தமாகக் கேட்கவில்லை. 1748 செப்டம்பரில் இங்கிலீஷ்காரர்களின் முற்றுகை நடக்கும்போது, சம்பா கோவிலுக்குப் பக்கத்திலிருந்த வேதபுரீஸ்வரர் கோவிலை இடித்தார்கள். அந்தப் பக்கங்களை எழுதும்போது அவர் நிதானம் உடைகிறது. அதற்கு அவரை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஒரு சுவர் இடிந்ததை மூன்று வருஷத்துக்கு முன்னால் பதற்றமில்லாமல் எழுதியவர், தன் சாமியின் சுவர் இடிந்தபோது மனுஷராக எழுதினார்.

அந்த 1745ஆம் வருஷத்திலேயே தெற்கே இன்னொரு காரியம் நடந்தது. திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தர் நீலகண்ட பிள்ளை, மே மாதத்தில் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். ஆடுமாடு செத்து, குடும்பத்தில் நஷ்டம் மேல் நஷ்டம் வந்து கலங்கியிருந்தவருக்கு, குளச்சல் சண்டையில் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் செய்தி. யோபுவின் கதையைக் கேட்டு வந்தவருக்கு யோபுவின் முடிவு வரவில்லை. 1749ல் பிடித்தார்கள், ஊர் ஊராக அவமானப்படுத்தினார்கள், 1752 ஜனவரி 14ஆம் தேதி ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். 270 வருஷம் கழித்து, 2022 மே 15ல், ரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். பட்டத்தை முடிவாக வைத்து அவர் கதையை எழுதுகிறவர்கள் நான் செய்த தவற்றையே செய்கிறார்கள். மலைமேல் நின்றவருக்கு அந்தப் பட்டம் தெரியாது. அவர் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்திலும் பிற்காலத்தில் கோவிலுக்குள் சாதிச் சுவர் எழுந்தது; அது இடிய 1910 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது, பிறகு வழக்கு மதராஸ் ஹைக்கோர்ட் வரைக்கும் போயிற்று.

தமிழில் கிறிஸ்தவ இலக்கியம் இந்த விஷயத்தை எப்படிக் கையாண்டிருக்கிறது? எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் 1894ல் வந்தது. ஜான் பன்யனின் மோட்சப் பிரயாணத்தைத் தழுவிய காவியம். கம்பனில் ஊறிய நாக்கு. தமிழின் இனிமைக்காகவே படிக்கலாம். ஆனால் யாத்திரை என்ற உருவகத்திலேயே ஒரு ஆபத்து இருக்கிறது. யாத்திரிகன் நடக்கிறான், நடக்கிறவனுக்கு ஊர் மாறும், ஒருநாள் வாசல் வரும். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு விசுவாசம் அப்படி நடந்துபோகிற காரியமாக வாய்க்கவில்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிற காரியமாக வாய்த்தது. அந்த இடமும் சுவருக்கு வடக்கே. மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். தமிழின் முதல் நாவலை 1879ல் தந்தவர். சமரசமான மனசு, நல்ல ஹாஸ்யம். ஆனால் பிரதாப முதலியார் தம் ஆசிரியரின் மதத்துக்கு நேர்ந்த சோதனை எதையும் சுமப்பதில்லை. அதை எழுத இன்னும் 113 வருஷம் ஆயிற்று. 1992ல் வந்த பாமாவின் கருக்குதான் அது. கன்னியாஸ்திரீ மடத்தில் ஏழு வருஷம் இருந்து, வெளியே வந்த தலித் பெண்ணின் புஸ்தகம். அதில் மடத்தின் மேல் கோபம் இருக்கிறது, சாமியின் மேல் உரிமை இருக்கிறது, முடிவில் கையில் வேலைகூட இல்லை. யாரும் கூட்டத்துக்குள்ளிருந்து “அம்மா” என்று கூப்பிடவில்லை. அதனால்தான் அந்தப் புஸ்தகம் நிற்கிறது.

சுவரெல்லாம் பழைய கதை என்று வாசகர்கள் நினைக்கலாம். செங்கல் சுவர் போயிருக்கலாம். காகிதச் சுவர் இருக்கிறது. 1950ஆம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவின்படி பட்டியல் சாதிச் சலுகை இந்துக்களுக்கு, 1956ல் சீக்கியர்களையும் 1990ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்கள் சேரவில்லை. புதுச்சேரிக்கு 1964ல் தனி உத்தரவு வந்தது. அதிலும் அதே விதிதான். சேரியில் ஒரே தெருவில், ஒரே கூலிக்கு வேலை செய்கிற இரண்டு வீடுகளில், மாதா படம் மாட்டிய வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சான்றிதழ் இல்லை. 2024 நவம்பர் 26ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்று புதுச்சேரியிலிருந்து போனதுதான். வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட பெண், கோவிலுக்குப் போய்வருகிற கிறிஸ்தவர் என்று கண்டு, சான்றிதழ் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சட்டத்தின் நியாய அநியாயத்தை வக்கீல்கள் பேசட்டும். கதாசிரியன் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவதற்கு இந்த நாட்டில் சிலருக்கு விலை இருக்கிறது. மற்றவர்களுக்கு அது இலவசம்.

என் கதையின் கிழவிக்கும் இந்த விலை வந்தது. மகள் வயிற்றுப் பேத்தி பள்ளிக்கூடம் முடித்து மேலே படிக்க நின்றபோது, “பேருக்கு இந்துன்னு எழுதிக் குடுத்துடு ஆயா, யாரு வந்து பாக்கப்போறாங்க?” என்று தெருவில் நாலு பேர் சொல்லியிருக்கிறார்கள். கிழவி கோபித்துக்கொள்ளவில்லை. “அவ படிக்கணும்னா அவ எழுதிக்கட்டும். நான் போற எடத்துக்கு நான் போறேன்” என்றாளாம். பேத்தி என்ன எழுதினாள் என்பதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. எதை எழுதியிருந்தாலும் அவளைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இதை வாத்தியார் எனக்குச் சொன்னபோது கிழவி இறந்து இரண்டு மாசம் ஆகியிருந்தது. மகன் வரவில்லை. கடைசி மூன்று வருஷம் வில்லியனூருக்கு நடக்க முடியாமல், யாராவது போனால் மெழுகுவத்தி வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். “இவ்வளவுக்கும் அப்புறம் எதுக்காக விடாமப் போனாங்க? நீங்க எப்பவாவது கேட்டீங்களா?” என்றேன்.

“கேட்டேன் தம்பி. ‘ஞாயித்துக்கிழமை வேற எங்க போறது?’ன்னுச்சு.”

வாத்தியார் சிரித்தார். நானும் சிரித்தேன். இருபது வருஷத்துக்கு முன்னால் இந்தப் பதிலைக் கேட்டிருந்தால், பாமரத்தனம் என்று ஒதுக்கிவிட்டு, அவள் வாயில் அழகான வசனம் ஒன்றை வைத்திருப்பேன். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. மகனுக்காகப் போகிறாள் என்று நான் நினைத்தது தப்பு. மகன் வந்தாலும் வராவிட்டாலும் அவள் போய்க்கொண்டுதான் இருந்திருப்பாள். ஏரிக்கரை, வயல், கோவில் என்று இருந்த அவள் உலகத்தில், அவளை ஒருவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்த இடம் அது ஒன்றுதான். சம்பா கோவிலில் வடபுறம் உட்கார்ந்திருந்தவர்களைக் கேட்டிருந்தாலும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. கேட்டு எழுதிவைக்க அன்று யாரும் இல்லை.

அந்தக் கதையைத் தொகுப்பில் சேர்க்கும்போது திருத்தி எழுதலாமா என்று பதிப்பாளர் கேட்டார். வேண்டாம் என்றேன், தப்பு தப்பாகவே இருக்கட்டும். புதிதாக ஒன்று எழுதினால், திருவிழா முடிந்த மறுநாள் காலையில் அதை ஆரம்பிப்பேன். குளத்தங்கரையில் காலி அட்டைகளும் பூச்சருகும் கிடக்கும். கிழவி தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு பாகூர் வழியில் திரும்பி நடப்பாள். வெயில் ஏறும். அன்றைக்கு எந்தக் கழனியில் களையெடுப்பு என்று வழியில் எதிர்ப்பட்டவளை விசாரிப்பாள்.